பதிவேடும் அச்சுத்தாளும்
நிலக்கணக்கு விவரங்களைக் கணினிப் பதிவிலிருந்து எடுத்துப் பிழையின்றி அச்சிடும் முறை

விதை, உரம், நீர்ப்பாய்ச்சல் முதலிய விஷயங்களைப்பற்றி விவசாயிகள் நாளடைவில் பலவாறு அறிந்து வருகின்றனர். ஆனால், நிலத்தின்பேரில் கிடைக்க வேண்டிய பயிர்க்கடன், பயிர் இன்ஷூரன்ஸ் இழப்பீடு, வெள்ள நிவாரணம் முதலியவை வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து மட்டும் வழங்கப்படுவதில்லை. பட்டாதாரின் பெயர், பட்டா எண், புல எண், பரப்பு ஆகிய நான்கும் தாளில் எவ்வாறு அச்சிடப்பட்டிருக்கின்றனவோ அவ்வாறே அவை வழங்கப்படுகின்றன. ஓர் எழுத்து மாறினால் மனு திரும்பி வருகிறது. ஓர் இலக்கம் மாறினால் ஒருவருடைய நிலத்துக்குரிய தொகை மற்றொருவர் கணக்கைச் சேர்கிறது. இவ்வித நஷ்டம் பூச்சி நோயால் உண்டாகும் நஷ்டத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பூச்சியைத் தடுக்க மருந்துண்டு. இதைத் தடுக்க முறை தெரிந்திருக்க வேண்டும்.

ஆகையால், நிலக்கணக்கு விவரங்கள் பதிவிலிருந்து அச்சுத்தாளுக்கு வரும் வழி யாது, அவ்வழியில் பிழை நுழையும் இடங்கள் எவை, விவசாயச் சங்கங்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இம்முறையைத் தம் வேலைக்கு எவ்வாறு உபயோகித்துக் கொள்ளலாம் என்பவற்றை இங்கு விவரிப்போம். உதாரணங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டுப் பக்கத்தில் உள்ள சேவுகம்பட்டியை முன்னிட்டுச் சொல்லப்படும். நெல், தென்னை, வாழை, பூ என்று பலவகைச் சாகுபடியும் சிறு சிறு உட்பிரிவுகளும் நிறைந்த அப்பிரதேசத்தில் இவ்விஷயம் மிகவும் அவசியமானது. உதாரணங்களில் வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காகக் கற்பிக்கப்பட்டவை. எவருடைய நிலத்தையும் குறிப்பவை அல்ல.

முற்காலத்து வழக்கம்

திண்டுக்கல் சீமை 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியார் வசம் வந்தது. அதே காலத்தில் பாராமகால் பகுதியில் ரீடு துரையும், அவருக்கு உதவியாக இருந்த மன்றோ துரையும் ஒவ்வொரு குடியானவருக்கும் தனித்தனியே தீர்வை விதிக்கும் ரயத்துவாரி முறையை வகுத்தனர். ஜமீனுக்கு மொத்தமாகத் தீர்வை விதித்தால் ஒரு கணக்கே போதும். குடியானவர்தோறும் விதித்தாலோ வயல்தோறும் கணக்கு வேண்டும். ஆகவே நம் நாட்டில் நிலக்கணக்கு இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்கு ரயத்துவாரி முறையே காரணமாகும்.

1858-ஆம் வருஷம் முதல் சென்னை ராஜதானியில் முறையான நில அளவை நடைபெற்றது. வயல்களுக்கு எண்கள் கொடுக்கப்பட்டன. ஸெட்டில்மெண்டு முடிந்த கிராமங்களின் பதிவேடுகள் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சிடப்பட்டு, இருபாஷைப் பதிவேடு என்ற கருத்தில் 'டைகிளாட்' என வழங்கப்பட்டன. பதிவேட்டில் உள்ள விவரத்தை அச்செழுத்தில் கோத்துத் தாளில் ஏற்றும் வேலை அக்காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆனால் அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து வைத்தார். பின்பு நேரும் மாறுதல்களைக் கர்ணம் கையால் எழுதி வந்தார். அடங்கல், சிட்டா, பட்டா என ஒரே விவரம் மூன்று நான்கு இடங்களில் எழுதப்பட்டது. எழுதுந்தோறும் பிழைக்கு இடமிருந்தமையால், ஆண்டுதோறும் ஜமாபந்தியில் ஒரு கணக்கை மற்றொரு கணக்குடன் ஒத்துப் பார்த்தனர்.

1980-ஆம் வருஷம் நவம்பர் மாதம் கர்ணம், மணியம் முதலிய பழைய பதவிகள் தமிழ்நாட்டில் நீக்கப்பட்டு, அதன்பின் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில், அஃதாவது 1979 முதல் 1987 வரை, நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றுப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. பிறகு அவை கணினியில் ஏற்றப்பட்டன. இன்று 'தமிழ் நிலம்' என்னும் கணினி முறையில் உள்ள பதிவுகளிலிருந்தே பட்டாவும் சிட்டாவும் அச்சாகின்றன. அண்டை மாநிலமாகிய கர்நாடகத்திலும் 'பூமி' என்னும் திட்டத்தின்கீழ் சுமார் 67 லட்சம் உடைமையாளர்களுக்குரிய சுமார் 2 கோடிப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டு, கையால் எழுதிய பிரதிகள் வழக்கொழிந்தன.

இம்மாறுதலின் பயன் பெரிது; ஆனால் அதன் இயல்பை உணர வேண்டும். கர்ணம் பிழைபட எழுதினால் அது அந்த ஒரு பிரதியோடு நின்றது. கணினியில் ஏறிய பிழையோ அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் மாறாமல் வரும். நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரிலும் பரப்பிலும் நேர்ந்த தவறுதல்களுக்கு இன்றும் திருத்த மனுக்கள் வந்துகொண்டிருப்பதே இதற்குச் சான்று.

பட்டாத் தாள் உண்டாகும் விதம்

பலர் பட்டாத் தாள் ஒவ்வொன்றும் அப்படியே கணினிக்குள் சேமித்து வைக்கப்பட்டிருப்பதாக எண்ணுகின்றனர். அது சரியன்று. கணினிக்குள் இருப்பது தாளன்று, பட்டியல்கள்தாம். எளிதாகச் சொன்னால், அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது நிலப் பட்டியல். இதில் ஒவ்வோர் உட்பிரிவுக்கும் ஒரு வரிசை உண்டு. புல எண், உட்பிரிவு எண், நன்செய் அல்லது புன்செய் என்ற வகை, பரப்பு, தீர்வை, அது அடங்கிய பட்டா எண் ஆகியவை தனித்தனிக் கலங்களில் இருக்கும்.

இரண்டாவது உடைமையாளர் பட்டியல். இதில் பட்டா எண், அப்பட்டாவில் அடங்கிய உடைமையாளர் பெயர், அவர் இன்னாருடைய மகன், மகள் அல்லது மனைவி என்ற உறவு ஆகியவை இருக்கும். கூட்டுப் பட்டாவானால் ஒரே பட்டா எண்ணுக்குப் பல வரிசைகள் இருக்கும்.

இரு பட்டியல்களையும் இணைப்பது பட்டா எண். மாட்டு வண்டியில் இரு மாடுகளையும் நுகத்தடி பிணைப்பதுபோல் இவ்வெண் இரண்டையும் பிணைக்கிறது. ஆனால் பட்டா எண் 214 என்று மட்டும் சொன்னால் போதாது. சேவுகம்பட்டியிலும் 214 இருக்கலாம். பக்கத்துக் கிராமத்திலும் 214 இருக்கலாம். ஆகவே மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் என்ற நான்கும் சேர்ந்தே ஒரு பட்டாவைத் தவறாமல் குறிக்கும்.

நீர் பட்டா எண்ணைக் கொடுத்தவுடன் கணினி முதற்பட்டியலில் அவ்வெண்ணுக்குரிய வரிசைகளையும், இரண்டாம் பட்டியலில் அவ்வெண்ணுக்குரிய பெயர்களையும் எடுக்கிறது. பின்னர், முன்னமே வகுத்து வைத்த நமூனாவில் பெயருக்குரிய இடத்தில் பெயரையும், பரப்புக்குரிய இடத்தில் பரப்பையும் நிரப்புகிறது. பரப்பையும் தீர்வையையும் கூட்டி அடியில் மொத்தம் காட்டுகிறது. அச்சிட்ட தேதியையும் குறிப்பு எண்ணையும் சேர்க்கிறது. நமூனாவின் எழுத்துகள் எல்லாருக்கும் ஒன்றே. நிரப்பப்படும் விவரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே பட்டாத் தாள் என்பது அந்த நிமிஷத்தில் பதிவுகள் இருந்த நிலையைக் காட்டும் பிம்பமே. நேற்று அச்சிட்ட தாள் இன்று நடந்த மாறுதலை அறியாது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. தாளில் காணும் பிழையை அத்தாளில் பேனாவால் திருத்துவது கண்ணாடியில் தெரியும் கறையைக் கண்ணாடியில் துடைப்பதற்கு ஒப்பாகும். மூலப்பதிவைத் திருத்துவதே வழி. அன்றியும், இணைக்கும் எண் பிசகினால் மற்ற விவரங்கள் யாவும் சரியாக இருந்தும் தாள் முழுதும் தவறாகிவிடும்.

சங்கங்கள் தாமே செய்துகொள்ளும் முறை

இதே முறையை விவசாயச் சங்கங்களும், உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் தம் வேலைக்குக் கைக்கொள்ளலாம். சேவுகம்பட்டியில் 120 பேர் அடங்கிய ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பயிர் சேதத்துக்காக ஒவ்வொருவர் பேரிலும் ஒரு மனு அச்சிட வேண்டும். மனு ஒன்றில் பெயர், உறவினர் பெயர், பட்டா எண், புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், சேதமான தேதி என 8 விவரங்கள் உண்டு. கையால் எழுதினால் 960 இடங்களில் எழுத வேண்டும். அதே விவரங்களை உறுப்பினர் புத்தகத்திலும் வங்கிக்குரிய பட்டியலிலும் எழுதினால் அவை 2,880 இடங்களாகின்றன. ஒரு முறை பட்டியலில் ஏற்றி, அங்கிருந்தே மூன்று தாள்களையும் உண்டாக்கினால் 960 இடங்களைச் சரிபார்த்தால் போதும்.

இவ்வேலைக்குப் பெரிய யந்திரங்கள் தேவையில்லை. பட்டியலுக்கு எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் போதும். நமூனாவுக்கு வேர்டு அல்லது லிப்ரேஆபீஸ் எழுத்துச் செயலியில் உள்ள 'மெயில் மெர்ஜ்' என்னும் வசதி போதும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட உறுப்பினர் பதிவேட்டைப் புத்தக அழகுடன் அச்சிட விரும்புவோர் 'லேடெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையைப் பயன்படுத்தலாம். அமெரிக்கப் பேராசிரியர் டானல்டு நூத் வகுத்த 'டெக்' முறையின்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் அமைத்தது இது. இதில் 'டேட்டாடூல்' என்னும் துணைத்தொகுப்பு பட்டியல் கோப்பைப் படித்து, வரிசைதோறும் ஒரு பக்கமோ ஒரு வரியோ அமைத்துக் கொடுக்கும். தமிழ் எழுத்துக்கு இதன் 'ஸீலேடெக்' அல்லது 'லுவாலேடெக்' வகையைக் கையாள வேண்டும்.

எந்தச் சாதனமாயினும் வேலையின் ஒழுங்கு ஒன்றே:

1. பட்டியலின் முதல் வரிசையில் கலங்களின் தலைப்பை மட்டும் எழுதுக. ஒரு கலத்தில் ஒரு விவரம் மட்டுமே இருக்க வேண்டும். புல எண்ணையும் உட்பிரிவையும் ஒரே கலத்தில் சேர்த்து எழுதலாகாது.

2. ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாறாத எண் ஒன்று கொடுக்க. ஒரே பெயருடையோர் இருவர் மூவர் இருப்பது கிராமங்களில் சாதாரணம். ஆதலால் பெயரை இணைப்புக்கு உபயோகிக்கலாகாது.

3. உறுப்பினர் பட்டியலும் நிலப் பட்டியலும் தனித்தனியே இருக்கட்டும். சிலர் ஒரே பட்டியலில் முதல் நிலம், இரண்டாம் நிலம், மூன்றாம் நிலம் என்று கலங்களை நீட்டிக்கொண்டு போகின்றனர். நான்காம் நிலம் உடையவர் வரும்போது அவருக்கு இடமில்லாமற் போய், அந்நிலம் மனுவில் விடுபடும். நிலப் பட்டியலில் நிலத்துக்கு ஒரு வரிசையும், அவ்வரிசையில் உறுப்பினர் எண்ணும் இருந்தால் எத்தனை நிலமாயினும் அடங்கும். ஓர் உறுப்பினரின் நிலங்கள் யாவும் ஒரே தாளில் வரவேண்டுமாயின், அவ்வெண்ணுக்குரிய வரிசைகளைத் திரட்டி அச்சிடும் ஏற்பாடு வேண்டும். அது இயலாதோர் நிலத்துக்கு ஒரு மனுவாக அச்சிடலாம்.

4. நமூனாவில் விவரம் வரவேண்டிய இடங்களில் கலத்தின் தலைப்பைக் குறியிட்டு வைக்க. அஃதாவது, பட்டா எண் வரவேண்டிய இடத்தில் «பட்டா எண்» என்ற குறி நிற்கும். அச்சிடும்போது அவ்விடத்தில் உரிய எண் ஏறும்.

5. நமூனாவைப் பட்டியலுடன் இணைத்து, முதலில் நாலைந்து தாள்களை மட்டும் பார்வையிட்டுச் சோதித்த பின்னரே முழுதும் அச்சிடுக.

தமிழ் வாக்கியத்துக்குரிய எச்சரிக்கை

இங்கிலீஷ் நமூனாவை அப்படியே தமிழாக்கி வைப்போர் ஓர் இடர்ப்பாட்டைக் காண்பர். தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல் மாறும். கலத்தில் 'நெல்' என்று இருக்க, நமூனாவில் அதன் பின் 'ஐ' என்று அச்சிட்டு வைத்தால் 'நெல்ஐ' என்று வரும். 'வாழைஐ', 'கரும்புஐ' என்று எல்லாம் கெடும். 'இல்' என்ற உருபும் அவ்வாறே. சேவுகம்பட்டியில் என்றும் ஆத்தூரில் என்றும் ஊருக்கு ஊர் அது வேறுபடும். ஆகையால், நிரப்பப்படும் சொல் எவ்வுருபும் ஏற்காமல் தனித்து நிற்குமாறு நமூனா வாக்கியத்தை அமைக்க வேண்டும். "«பயிர்» சாகுபடி செய்துள்ள நிலம்", "«கிராமம்» கிராமம்", "பெயர்: «பெயர்»" என்பன போன்ற அமைப்புகள் எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும்.

உறவுச் சொல்லும் இவ்வாறே. நமூனாவில் எல்லாருக்கும் 'த/பெ' என்று அச்சிட்டு வைத்தால், விவாகமான பெண் பட்டாதாரின் கணவர் பெயர் தகப்பனார் பெயராக மாறிவிடும். பட்டாவில் அப்பெண்மணி இன்னாருடைய மனைவி என்றும், மனுவில் அவருடைய மகள் என்றும் இருந்தால் இருவரும் வேறு வேறு ஆள் என்று கொள்ளப்படுவர். ஆகவே த/பெ, க/பெ என்பதும் பதிவிலிருந்தே வரவேண்டும். அதற்குத் தனிக் கலம் அமைத்திடுக.

பிழை நுழையும் இடங்கள்

1. புல எண் தேதியாக மாறுதல். எக்ஸெல் போன்ற பட்டியல்களில் 10/2 என்று தட்டினால், கணினி அதைப் புல எண் என்று அறியாமல் தேதி என்று எண்ணி, பிப்ரவரி 10 அல்லது அக்டோபர் 2 என்று மாற்றிவிடும். இதைத் தவிர்க்க, விவரம் ஏற்றுமுன்பே அக்கலத்தை 'எழுத்து' வகையாகக் குறித்திட வேண்டும். ஏற்றிய பின் குறித்தால் மாறிப்போனது திரும்பாது.

2. வங்கிக் கணக்கு எண் சிதைதல். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16-ஆம் இலக்கம் முதல் யாவும் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யமும் மறைந்துபோகும். கணக்கு எண் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய எண்ணன்று. ஆதலால் அதையும் எழுத்து வகையாகவே வைக்க வேண்டும்.

3. பரப்பு அளவின் குழப்பம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அளவில் காட்டப்படும். நம் விவசாயிகள் ஏக்கர், சென்டு என்று பேசுவர். 1 ஹெக்டேர் 100 ஏர் ஆகும். 1 ஏக்கர் ஏறக்குறைய 40.47 ஏர் ஆகும். 2 ஏக்கர் 35 சென்டு என்பது ஏறக்குறைய 95.10 ஏர்; அஃதாவது 0.9510 ஹெக்டேர். பட்டாவில் இது 0 - 95.10 என்று காணப்படும். இதனை ஹெக்டேர் என்ற தலைப்பின்கீழ் 95.10 என்று எழுதினால் நிலம் நூறு மடங்காகிவிடும். பட்டியல் முழுவதும் ஒரே அளவு இருத்தல் வேண்டும். அதன் பெயர் கலத்தின் தலைப்பில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

4. எழுத்துருப் பிசகு. பழைய நாளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீட்டு முறை இருந்தது. ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் பெயர்கள் பொருளற்ற குறிகளாகும். 2010-ஆம் வருஷம் ஜூன் மாதம் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்று உத்தரவு பிறப்பித்தது. பழைய பட்டியல்களை வைத்திருப்போர் அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றிய பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பின்னரே உபயோகிக்க வேண்டும்.

5. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பல அச்செழுத்துகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவாகத் தோன்றும். துணைக்கால் தட்ட வேண்டிய இடத்தில் ரகரம் தட்டப்பட்ட பெயர், தாளில் வித்தியாசமின்றித் தெரியலாம். ஆனால் தேடும்போது கணினி அதைக் காணாது. பெயரின் முன்னும் பின்னும் உள்ள வீண் இடைவெளியும், முதலெழுத்தை ஓரிடத்தில் தமிழிலும் வேறிடத்தில் இங்கிலீஷிலும் எழுதுவதும் இத்தகைய இடையூறே. இரண்டு பட்டியல்களைப் பெயரால் இணைக்கலாகாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. காற்புள்ளி. ஒரு சாதனத்திலிருந்து மற்றொன்றுக்குப் பட்டியலைக் கொண்டுபோகக் காற்புள்ளியால் கலங்களைப் பிரிக்கும் 'சிஎஸ்வி' கோப்பு வழங்குகிறது. விலாசத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்து, அது மேற்கோள் குறிக்குள் அடங்காமற் போனால், அடுத்த கலம் முதல் யாவும் ஓர் இடம் தள்ளிப்போகும். அப்போது பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் உட்பிரிவு அச்சாகும்.

7. வெற்றுக் கலம். விவரம் இல்லாத இடம் வெறுமையாக அச்சானால், அது விடுபட்டதா, இல்லாததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. உட்பிரிவு இல்லாத புலத்துக்கு ஒரு கோடு இடுக. விவரம் கிடைக்காததற்கு 'விசாரிக்க' என்று குறித்து, அத்தாளை அச்சிடாமல் நிறுத்தி வைக்க.

அச்சிடுமுன் செய்யும் சோதனை

நாற்று நடுமுன் வயலில் நீர் மட்டம் பார்ப்பதுபோல், முழுதும் அச்சிடுமுன் நான்கு வகைத் தாள்களைத் தேர்ந்து பார்க்க வேண்டும். மிக நீளமான பெயருடையவரின் தாள் ஒன்று. அப்பெயர் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்பது தெரியும். பெண் பட்டாதார் தாள் ஒன்று. கூட்டுப் பட்டாத் தாள் ஒன்று. உட்பிரிவு இல்லாத புலத்தின் தாள் ஒன்று. இந்நான்கும் சரியானால் பெரும்பாலும் மற்றவையும் சரியாகும்.

பின்னர்க் கணக்கு ஒத்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் எத்தனை வரிசையோ அத்தனை மனுக்கள் அச்சாகியிருக்க வேண்டும். மனுக்களில் உள்ள பரப்புகளின் கூட்டுத்தொகை பட்டியலில் உள்ள கூட்டுத்தொகைக்குச் சமமாயிருக்க வேண்டும். ஜமாபந்தியில் ஒரு கணக்கை மற்றொன்றுடன் ஒத்துப்பார்க்கும் பழைய வழக்கம் இதுவே. இறுதியாக, ஒருவர் மூல ஆவணத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றொருவர் அச்சுத்தாளைப் பார்த்துவர வேண்டும். எழுதியவரே தம் எழுத்தைச் சரிபார்த்தால் பிழை கண்ணுக்குப் படாது. சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் இருந்தால் 120 தாள்களை ஒரே நாளில் இவ்வாறு பார்த்து முடிக்கலாம்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சிட்ட தேதியையும், விவரம் எந்தப் பதிவிலிருந்து என்று எடுக்கப்பட்டது என்பதையும் குறிப்பது நலம். அடங்கல் விவரமானால் பசலியையும் குறிக்க வேண்டும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது; 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435 ஆகும். சென்ற பசலியின் அடங்கலை இவ்வாண்டுப் பயிருக்குக் காட்டினால் மனு செல்லாது.

ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அவசியமில்லாத தாள்களில் அச்சிடலாகாது. பட்டியலில் ஒரு கலம் இருக்கிறது என்பதனால் அதை எல்லா நமூனாவிலும் ஏற்ற வேண்டுமென்பதில்லை. சுவரில் ஒட்டும் பட்டியலுக்குப் பெயரும் உறுப்பினர் எண்ணும் போதும்.

பட்டாவில் பிழை கண்டால்

சங்கத்தின் பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தாலும், அரசாங்கப் பதிவில் பிழையிருந்தால் பயனில்லை. ஆகையால் ஒவ்வொரு பட்டாதாரும் பருவந் தொடங்குமுன் தம் பட்டா, சிட்டா விவரங்களை அரசாங்க இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட பிரதியில் உள்ள குறிப்பு எண்ணையோ சதுரக் குறியையோ கொண்டு அது மூலப்பதிவுடன் ஒத்திருக்கிறதா என்று எவரும் சோதிக்கலாம். பிறரிடமிருந்து பட்டா நகல் பெறும் கூட்டுறவுச் சங்க உத்தியோகஸ்தர்கள் இச்சோதனையை ஒருபோதும் விடலாகாது.

பார்க்க வேண்டியவை: பெயர் ஆதாரில் உள்ளதுபோல் இருக்கிறதா, காலஞ்சென்றவர் பெயரில் பட்டா நிற்கிறதா, விற்ற நிலம் இன்னும் தம் பேரில் இருக்கிறதா, வாங்கிய நிலம் ஏறியிருக்கிறதா, பரப்பு புலப்படத்துடன் பொருந்துகிறதா. பிழை காணின், பத்திரம், வாரிசுச் சான்று முதலிய ஆதாரங்களுடன் மனுச் செய்ய வேண்டும். பட்டா மாறுதல், உட்பிரிவு செய்ய வேண்டியதில்லாதது, உட்பிரிவு செய்ய வேண்டியது என இருவகைப்படும். பின்னதில் நில அளவர் நேரில் வந்து அளந்து புலப்படமும் திருத்தப்பட வேண்டுமாதலால் காலதாமதம் ஆகலாம். ஆகவே சேதம் நேர்ந்தபின் மனுச் செய்வதைவிட முன்னமே செய்வது உத்தமம். ஜமாபந்திக் காலத்திலும் மனுக் கொடுக்கலாம். திருத்தம் ஆயிற்று என்று வாயால் சொல்லக் கேட்டு மனநிறைவு அடையாமல், புதிய பிரதி ஒன்றை அச்சிட்டுப் பார்த்து, பழைய பிரதிகளைக் குறுக்கே கோடிட்டு ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பட்டா வருவாய்க் கணக்கின் பதிவாகும். அதில் பெயர் மாறுவதனால் மட்டும் நிலவுரிமை ஏற்படவோ அழியவோ மாட்டாது. உரிமைத் தகராறு சிவில் கோர்ட்டில் தீர வேண்டியது. ஆகையால் பத்திரங்களைப் பட்டாவுக்கு ஈடாக எண்ணி அலட்சியமாக விடலாகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள், பட்டாதார் அச்சுப் பிரதியில் கையால் திருத்தம் செய்து தருமாறு கேட்டால், அது அவருக்கு நன்மையாகாது என்பதை எடுத்துரைக்க வேண்டும். வங்கியார் தம் கணினியில் பார்க்கும்போது திருத்தம் அங்கிராது. அப்போது பட்டாதாரே மோசடி செய்ததாகச் சந்தேகிக்கப்படுவார்.

ஆகையால், சேவுகம்பட்டி போன்ற ஊர்களில் உள்ள விவசாயச் சங்கங்கள் அடுத்த ஜமாபந்திக்குமுன் தம் உறுப்பினர் பட்டியலையும் நிலப் பட்டியலையும் மேற்கூறியவாறு பிரித்து எழுதி, ஒவ்வொருவருடைய விவரத்தையும் அரசாங்கப் பதிவுடன் ஒத்துப் பார்த்து, வேறுபடுகிறவற்றைத் தனியே குறித்துக்கொள்வார்களாக. வேறுபாடு உள்ளோர் அனைவரும் ஒரே சமயத்தில் மனுச் செய்தால் கிராம உத்தியோகஸ்தருக்கும் வேலை எளிதாகும். இவ்வேலை ஒரு முறை முடிந்துவிட்டால், பின்னர் எந்த மனுவாயினும் எந்தப் பட்டியலாயினும் சிறிது நேரத்தில் அச்சிடலாம். வெள்ளமோ வறட்சியோ வந்த காலத்தில் சிறு நிலமுடையவர்களும் பெரும் பட்டாதார்களோடு ஒரே நாளில் தம் மனுவைச் சமர்ப்பிக்க இயலும்.